போனென்காய்க்கு என்ன பாடலாம்?

டிசம்பர் நெருங்கினால் போதும், ஜப்பானில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவராக இன்பாக்ஸுக்கு வந்துவிடுவார்கள். "அண்ணா, ஆபீஸ் போனென்காய்க்கு அப்புறம் கரோக்கியாம். ஈசியா ஒரு ஜப்பானியப் பாட்டு சொல்லுங்கண்ணா."

போனென்காய் என்றால் போகிற வருஷத்தை மறப்பதற்கான விருந்து. சாப்பாடும் குடியும் முடிந்ததும் நிஜிகாய் என்று இரண்டாம் சுற்று. அது பெரும்பாலும் கரோக்கி அறையில்தான். எல்லோரும் ஒன்று பாடியாக வேண்டும் என்று சட்டமில்லை. ஆனாலும் பாட்டு தேடும் அந்தப் பலகை கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்து நிற்கும்போது அறையே நம்மைப் பார்க்கும்.

இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில், "மெதுவான பாட்டா எடுத்துக்கோ." எனக்கு இதில் கொஞ்சம்கூட உடன்பாடு இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

ஜப்பானுக்கு வந்த முதல் வருஷம் ஸ்பிட்ஸ் குழுவின் 'ராபின்சன்' பாடினேன். 1995-இல் வந்த பாட்டு, அவசரமில்லாமல் போகும், எனக்கு மனப்பாடம். சரணம் வரை ராஜா மாதிரி போனேன். பல்லவி வந்தது. குசானோ மசமுனே என்ற அந்த மனிதருக்குக் கடவுள் கொடுத்த குரல் வேறு. இழுத்துப் பிடிக்க வேண்டிய இடமெல்லாம் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. என் தொண்டை பிளந்தது. ஜப்பானியர்கள் மரியாதை தெரிந்தவர்கள், டம்பூரினைக் கொஞ்சம் பலமாகத் தட்டி என் குரலை மூடிவிட்டார்கள்.

மெதுவான பாட்டில் ஒவ்வொரு சுரமும் நிர்வாணமாக நிற்கும். பிசிறு தட்டினால் மறைத்துக்கொள்ள இடம் கிடையாது. அதோடு ஐந்து நிமிஷம் ஓடும்.

அன்று பக்கத்தில் இருந்த வயதில் மூத்த சக ஊழியர் ஒன்றும் சொல்லவில்லை. தன் முறை வந்ததும் பலகையில் கீயை, அதாவது பாட்டின் சுருதியை, நான்கு படி இறக்கிவிட்டுச் சாவகாசமாகப் பாடினார். யாரும் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நமக்கு இது புரியாமல் போனதுதான் வேடிக்கை. கச்சேரியில் ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்தரைக் கட்டையில் பாடுவார், கீர்த்தனை அதேதான். தம்புராவும் வயலினும் பாடுகிறவருக்குத்தான் சுருதி கூட்டும். அந்த ஊரிலிருந்து வந்துவிட்டு, கரோக்கி அறையில் மட்டும் 'ஒரிஜினல் கீயில் பாடினால்தான் பாட்டு' என்று ரோஷம் பார்க்கிறோம். ஜப்பானிய பாப்பில் ஆண் பாடகர்களில் பலர் வானத்தில் பாடுகிறவர்கள். ஹிகெதான் குழுவின் 'பிரிடெண்டர்' (2019) எவ்வளவு பேருக்குப் பிடித்த பாட்டு! சாதாரண ஆண் குரல் அதன் பல்லவியில் தரையில் விழுந்து புரளும்.

கரோக்கி பிறந்த கதையும் இதற்குப் பக்கம்தான் நிற்கிறது. கோபே நகரில் இனோவே தாய்சுகே என்ற வாத்தியக்காரர், மதுக்கூடங்களில் பாட ஆசைப்படும் வாடிக்கையாளர்களுக்குப் பின்னணி வாசித்துப் பிழைத்தவர். ஒரு சிறு கம்பெனி முதலாளி வெந்நீர் ஊற்று ஊருக்குப் போகும்போது இவரையும் கூப்பிட்டார். இவரால் போக முடியவில்லை. அந்த மனிதர் பாடும் விதத்துக்கு ஏற்றபடி வாசித்து, நாடாவில் பதிந்து கொடுத்து அனுப்பினார். 1971-இல் அதுவே காசு போட்டால் பாடும் பெட்டியாக வந்தது. பாடத் தெரியாத ஒருவருக்காக வளைந்துகொடுத்த இசையில்தான் இந்தச் சமாசாரமே தொடங்கியிருக்கிறது. (காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார், பாவம். 2004-இல் சமாதானத்துக்கான இக் நோபல் கொடுத்தார்கள், நோபலைக் கிண்டலடித்துக் கொடுக்கும் வேடிக்கைப் பரிசு அது. மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புது வழி காட்டினாராம். என் 'ராபின்சன்' கேட்டவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.)

சரி, வேகமான பாட்டு எடுக்கலாமா? எந்த வேகம் என்று பார்க்க வேண்டும். யோவாசோபியின் 'யோரு நி காகெரு' (2019) பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். அதை எழுதிய அயாசே வோகலாய்டு உலகத்திலிருந்து வந்தவர். அதாவது கணினிக் குரலுக்குப் பாட்டு எழுதிப் பழகியவர். கணினி மூச்சு வாங்காது. யோனெசு கென்ஷியும் அங்கிருந்து வந்தவர்தான். இவர்கள் பாட்டைக் கேட்க எனக்கு உயிர். ஆனால் பாட நினைத்தால் அடுத்த மூச்சு எங்கே எடுப்பது என்று தேட வேண்டியிருக்கிறது. ஆக, பாட்டு தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது வரிக்கு வரி மூச்சுவிட இடம் இருக்கிறதா என்பதைத்தான்.

மொழியைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் நமக்கு அங்கே ஒரு லாபம் இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, ஜப்பானிய மொழியும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. 'ஒஜிசான்' என்றால் மாமா, 'ஒஜீசான்' என்றால் தாத்தா. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில் தடுமாறுவார்கள், நமக்குக் காது தானாகப் பிடித்துக்கொள்ளும். ஒரே வித்தியாசம், நம் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. அவர்கள் 'ன்' முழுசாக ஒரு மாத்திரை கேட்கும். பழைய பாட்டுகளில் பெரும்பாலும் அந்த 'ன்'னுக்கென்றே தனியாக ஒரு சுரம் வைத்திருப்பார்கள்.

திரையில் காஞ்சி என்ற சீன வழி எழுத்துக்கு மேலே, ஹிராகனா என்ற ஒலியெழுத்தில் ஒலிப்பு ஓடும். அந்த வேகத்தில் படிக்க வராதென்றால் வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறில் நெடில், ஒற்று எல்லாம் அப்படியே உட்காரும். ka, ga இரண்டுக்கும் நமக்கு ஒரே 'க' என்பதுதான் தகராறு. ga என்று அழுத்திச் சொல்ல வேண்டியதற்குக் கீழே நான் ஒரு கோடு போட்டுக்கொள்வேன்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் முதல் பாட்டு ஸ்மாப் குழுவின் 'செகாய் நி ஹிதொட்ஸு தகெ நோ ஹனா' (2003). ஐந்து பேர் சேர்ந்து ஒரே மாதிரி பாடிய பாட்டு, அதனால் தனிக்குரல் வித்தை எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பல்லவியில் நீங்கள் வாயை அசைத்தால் போதும், அவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

எழுத்தே படிக்க வராதவர்களுக்குத் தி புளூ ஹார்ட்ஸின் 'லிண்டா லிண்டா' (1987). பல்லவியில் அந்தப் பெயரைத்தான் திரும்பத் திரும்பக் கத்த வேண்டும். சுருதி பார்க்கிற கூட்டம் இல்லை அது. ஆனால் இரவு நன்றாக முற்றிய பிறகு பாடுங்கள், ஒன்பது மணிக்கு வேண்டாம். பெண்கள் அய்ம்யோனின் 'மேரிகோல்ட்' (2018) எடுக்கலாம், அடிக்குரலில் தொடங்கி நிதானமாகப் போகும்.

என் மகள் இங்கே மழலையர் பள்ளியில் கற்றுக்கொண்டு வந்த 'சம்போ' இன்னொன்று. 1988-இல் வந்த 'தோனாரி நோ டோட்டோரோ' படத்தின் தொடக்கப் பாட்டு, நடைபோடும் தாளம். குழந்தைப் பாட்டு பாடினால் மானம் போகாதா என்று கேட்காதீர்கள். போன வருஷம் நான் பாடியபோது கணக்குப் பிரிவு முழுக்க எழுந்து நின்று கைவீசி நடந்தது.

கூட்டத்தில் மதிப்பெண் போடும் வசதியை மட்டும் அணைத்துவிடச் சொல்லுங்கள். அது வேண்டுமென்றால் வேலைநாள் பகலில் தனியாகப் போய்ப் பழகும்போது போட்டுக்கொள்ளலாம். தனியாகப் போவதற்கு 'ஹிதோகரா' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த வருஷம் நான் எடுத்து வைத்திருப்பது சகமோட்டோ கியூவின் 'உவே ஓ முயிதே அருகோ', 1961. 1963-இல் 'சுகியாகி' என்ற சம்பந்தமே இல்லாத பெயரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த அதே பாட்டு. முதல் வரிகளை முனகிப் பாருங்கள், மோகனம் கேட்கும். ம-வும் நி-யும் இல்லாத ஐந்து சுரங்கள். அவர்கள் அதற்கு யோனானுகி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டில் இரண்டு படி இறக்கிப் பாடிப் பார்த்துவிட்டேன், உட்கார்ந்துவிட்டது. நடுவில் விசில் மட்டும் வருகிற இடம் ஒன்று உண்டு. எனக்கு விசில் வராது. அந்த மூத்த சக ஊழியரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.