டயரில் எழுதியிருப்பதை யாராவது படியுங்களேன்!

மூன்று வாரமாக என் பைக் நேராக ஓட மாட்டேன் என்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். ஆனால் யாரிடம் சொன்னாலும் "அதெல்லாம் மனப்பிரமை, ரெண்டு நாள் ஓட்டினா பழகிடும்" என்று ஒரே பதில். பழகவில்லை. அதனால்தான் இங்கே கொட்டுகிறேன்.

பழைய பின் டயர் நடுவில் தேய்ந்து பலகை மாதிரி தட்டையாகிவிட்டிருந்தது. எஞ்சின் இழுப்பு முழுக்கப் பின் சக்கரத்துக்குத்தான் போகிறது, பாரமும் அங்கேதான் அதிகம். முன் டயர் ஒன்று தேய்வதற்குள் பின் டயர் இரண்டு காலியாகிவிடும். ஆக, இரண்டையும் ஒரே நாளில் மாற்றும் பாக்கியம் யாருக்கும் வாய்ப்பதில்லை. பின் டயர் மொட்டையாகும் நாளில் பார்த்து அதே மாடல் கடையில் இருக்காது. கடைக்காரர் சொன்னார்: "அது இப்ப வர்றதில்லண்ணே. இத போடுங்க, ஒரு சைஸ் பெருசு. பின்னாடி நின்னு பாத்தா சும்மா கெத்தா இருக்கும்."

பின்னாடி நின்று பார்ப்பதற்கா நான் வண்டி வாங்கினேன்? இந்தக் கேள்வி அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. தலையாட்டிவிட்டேன். 130/70-17 இருந்த இடத்தில் 140/70ஆர்17 ஏறி உட்கார்ந்தது.

அந்த எண்களை யாருமே படிப்பதில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். அடுத்தது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. கடைசி 17, டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 130இல் 70 சதவீதம் 91 மில்லிமீட்டர், 140இல் 98. அதாவது என் வண்டியின் வால் 7 மில்லிமீட்டர் மேலே போய்விட்டது. மூக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது. வால் ஏறினால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கொஞ்சம் செங்குத்தாகும், ஹேண்டில் படபடவென்று திரும்பும். ரிம்மோ பழைய அகலம். அதில் அகல டயரைத் திணித்தால் இரண்டு பக்கமும் இறுகி நடு முதுகு கூம்பிக்கொள்ளும். பெரிய டயர் போட்டால் தரையில் அதிகம் படியும் என்று கனவு கண்டதுதான் மிச்சம். செயினுக்கும் டயருக்கும் நடுவே தீப்பெட்டி அட்டையைச் செருகிப் பார்த்தேன். உரசிக்கொண்டுதான் போனது. இதுவா கெத்து?

அப்புறம் அந்த 'ஆர்'. முன்னால் என்னிடம் இருப்பது 100/80-17. நடுவில் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கு அர்த்தம் பயாஸ்: உள்ளே இழை அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்வாக ஓடும், பக்கச் சுவர் விறைப்பாக இருக்கும். 'ஆர்' என்றால் ரேடியல்: இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும், மேலே தனியாக ஒரு பட்டை சுற்றியிருக்கும், பக்கச் சுவர் நெகிழும். இரண்டும் குணத்திலேயே வேறு. முன்னால் பயாஸ், பின்னால் ரேடியல் என்று தொழிற்சாலையிலிருந்தே வரும் வண்டிகள் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் அந்த ஜோடியை ஓட்டிப் பார்த்து, அதற்கேற்ப வண்டியைச் சரிசெய்து அனுப்புகிறார்கள். என் வண்டிக்கு யார் ஓட்டிப் பார்த்தது? கடை வாசலில் அந்தப் பையன் ஒரு வட்டம் அடித்தான், அதுதான் சோதனை ஓட்டம்.

இப்போது வளைவில் சாய்த்தால் பின்பக்கம் பொத்தென்று விழுகிறது, முன்பக்கம் "நான் வரலை" என்று முறைத்துக்கொண்டு நிற்கிறது. பெரிய லாரி ஒன்று தாண்டிப் போனால் அந்தக் காற்றில் ஹேண்டில் லேசாகத் தலையாட்டுகிறது. நியாயமாகச் சொன்னால் இதில் கொஞ்சம் என் பழக்கதோஷமும் உண்டு. தட்டை டயரில் மாதக்கணக்காக ஓட்டியவனுக்கு உருண்டையான புது டயர் எதுவானாலும் விழுகிற மாதிரித்தான் இருக்கும். அது இரண்டொரு நாளில் சரியாகும். மூன்று வாரமா ஆகும்?

இதைச் சொன்னால் நண்பர்கள் கூட்டமாகக் கண்டுபிடிக்கிற காரணம் என்ன தெரியுமா? "முன்னாடி ஒரு கம்பெனி, பின்னாடி ஒரு கம்பெனி, அதான்!" ஐயா, டயருக்குத் தன் கம்பெனி பேர் படிக்கத் தெரியுமா? ஒரே கம்பெனியே மழைச் சாலைக்கென்று மென்மையான ரப்பரில் ஒன்று செய்யும், மண் ரோட்டுக்கென்று கட்டை கட்டையாகப் பட்டன் வைத்து இன்னொன்று செய்யும். அந்த இரண்டையும் முன்னும் பின்னும் மாட்டிவிட்டு, பேர் ஒன்று என்று சந்தோஷப்படலாமா? மோட்டோஜிபி என்ற உலக பைக் பந்தயத்தில் 2016இல் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போய் மிஷெலின் டயர் வந்தது. அதற்கு முன்பு நடந்த சோதனை ஓட்டங்களில் உலகத்தின் தலைசிறந்த ஓட்டுநர்களே முன் சக்கரம் வழுக்கி வரிசையாக விழுந்தார்கள். பின் டயர் பிடித்துத் தள்ளியது, முன் டயரால் ஈடுகொடுக்க முடியவில்லை. முன்னும் பின்னும் ஒரே கம்பெனிதான்! சைஸும் வகையும் சரியாக இருந்து, ஒரே மாதிரி வேலைக்குச் செய்யப்பட்டிருந்தால், கம்பெனி மாறினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இதைச் சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

கம்பெனி பேர் பார்க்கிற கண்ணுக்கு வயது மட்டும் தெரியாது. என் முன் டயரின் பக்கவாட்டில், ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் 2318 என்று இருக்கிறது. 2018ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் பிறந்தது. நகத்தால் அழுத்தினால் பதிவதே இல்லை, காய்ந்த கொட்டாங்கச்சி மாதிரி இருக்கிறது. ஆனால் ரப்பரில் வெட்டிய பள்ளம் ஆழமாக இருக்கிறதாம், அதனால் "இது இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்ணே" என்கிறார் கடைக்காரர். ஓடும், நிற்குமா? பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்னால்தான் பாய்கிறது. போன வாரம் மழையில், பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் முன் பிரேக்கைத் தொட்டேன். அழுத்தக்கூட இல்லை, தொட்டேன். சக்கரம் ஒரு சாண் தூரம் சறுக்கி, கோடு முடிந்த இடத்தில் வெடுக்கென்று பிடித்தது. ஒரு நிமிடம் காலை ஊன்றி அப்படியே நின்றேன். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார். புது ரேடியலும் பழைய கொட்டாங்கச்சியும் ஒரே வண்டியில்!

இதற்கு நடுவில் அம்புக்குறி நிபுணர்கள் வேறு. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் குனிந்து பார்த்து, "சார், முன் டயர் திருப்பி மாட்டியிருக்கு, பின்னாடி கோடெல்லாம் வேற பக்கம் போகுது பாருங்க" என்றார். நிறைய டயர்களில் அது அப்படித்தான் இருக்கும்! பின் டயரை எஞ்சின் இழுக்கிறது, முன் டயரை பிரேக் இழுக்கிறது, இரண்டு விசையும் எதிரெதிர். அதற்கேற்றபடிதான் ரப்பரின் ஒட்டு, பள்ளம் எல்லாம் அமைக்கிறார்கள். கோட்டைப் பார்த்துப் பயனில்லை, பக்கவாட்டில் சக்கரம் சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்பைப் பார்க்க வேண்டும். அவருக்கு இதை விளக்குவதற்குள் பச்சை விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்பைப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சரியாகத்தான் இருந்தது.

சரி, நேற்று கடைக்காரருக்கே போன் போட்டேன். முன்னால் பின்னால் இரண்டுமே வேண்டும், 100/80-17, 130/70-17, இரண்டும் பயாஸ், இரண்டும் சாலைக்கானது, இந்த வருடம் செய்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். எழுதிக்கொள்கிற சத்தம்கூடக் கேட்டது. அப்புறம் கேட்டார்:

"பின்னாடிக்கு 150 ஒண்ணு வந்திருக்குண்ணே, எடுத்து வைக்கவா?"