ஆம்பளைக்கு அரை மணி நேரம் பாடம், எங்களுக்கு "அதையே பின்னாடி"யாம்

வாரா வாரம் இதே கூத்துதான். லண்டன்ல எங்க ஏரியா சர்ச் ஹால்ல, ஆணும் பெண்ணும் ஜோடியா எதிரெதிரா நின்னு ஆடுற பால்ரூம் டான்ஸ் கிளாஸ், டீச்சர் நடுவுல நின்னுக்கிட்டு ஆம்பளைங்க ஸ்டெப்பை அக்கக்கா பிரிச்சு சொல்லிக் குடுப்பாரு, வலது கால் முன்னாடி, இடது கால் பக்கத்துல, வலதைக் கொண்டுவந்து சேரு, மறுபடி இடது, குதிகால் எங்க படணும், உடம்பு எந்த மூலையைப் பார்க்கணும்னு ஒண்ணு விடாம, அதுவரைக்கும் பொம்பளைங்க நாங்க எல்லாம் சுவரோரமா கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும், கடைசியில எங்க பக்கம் திரும்பி "லேடீஸ், நீங்க அதையே பின்னாடி பண்ணுங்க"ன்னு ஒரே ஒரு வரி, அடுத்த நொடி மியூசிக் ஆன். எங்க வீட்டுக்காரர் குடுத்த அதே பத்து பவுண்டைத்தானய்யா நானும் குடுத்தேன்?

அதுவும் மெதுவா ஆடுற ஸ்லோ வால்ட்ஸா இருந்தா போனா போகுதுன்னு விடலாம். இது குவிக்ஸ்டெப். 1920கள்ல இதே லண்டன்ல பேண்டுக்காரங்க ஃபாக்ஸ்டிராட்ங்கிற ஜோடி ஆட்டத்துக்கான மியூசிக்கை இஷ்டத்துக்கு வேகமா வாசிச்சுத் தள்ள, அந்த ஓட்டத்துல சார்ல்ஸ்டன்ங்கிற ஆட்டமும் உள்ள நுழைய, கடைசியில மெதுவானது தனியா வேகமானது தனியான்னு பிரிஞ்சு வந்த ஆட்டம். போட்டி வேகம்னா நிமிஷத்துக்கு 50 பார், அதாவது 50 தாளச் சுத்து, பாருக்கு 4 பீட், ஆக 200 பீட். ஸ்லோ வால்ட்ஸ் எல்லாம் 90 பீட்டைத் தாண்டாது. டீச்சர் "ஸ்லோ"ன்னு இழுத்துச் சொல்றாரே, அதுக்கு 2 பீட், கணக்குப் போட்டா 0.6 செகண்ட். குவிக்னா 0.3. கிளாஸ்ல கொஞ்சம் குறைச்சுத்தான் போடுறாங்க, இருந்தாலும் அந்த நேரத்துக்குள்ள ஹீல்ஸ் போட்டுக்கிட்டு, போற திசையைப் பார்க்காம, ஒரு காலை ஊனி மொத்த வெயிட்டையும் அதுக்கு மாத்தி அடுத்த காலை ரெடி பண்ணணும். இதுக்குத்தான் ஒரு வரி.

"அதையே பின்னாடி"ன்னா என்ன அர்த்தம்? லாக் ஸ்டெப்பை எடுத்துக்கோங்க. அவருக்கு வலது கால் இடது காலுக்குப் பின்னாடி போய் பூட்டும். எனக்கு இடது கால் வலது காலுக்கு முன்னாடி வந்து பூட்டணும், அதுவும் பின்னாடி போய்க்கிட்டே, பாதத்தோட முன்பகுதியில நின்னுக்கிட்டே. அவர் முன்னாடி நடக்கும்போது குதிகால் முதல்ல படும், பொறந்ததுல இருந்து எல்லாரும் நடக்கிற நடைதான். நான் பின்னாடி போகும்போது விரல் முதல்ல படணும். இந்த நடையை யாரும் பொறந்ததுல இருந்து நடக்கல, அதனால சொல்லிக் குடுத்தாத்தான் வரும்!

எனக்கு சொல்லிக் குடுத்தது டீச்சர் இல்ல. டீ பிரேக்ல ஒரு வயசான அம்மா, எழுபதுக்கு மேல இருக்கும், பிளாஸ்டிக் நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு செஞ்சு காட்டுனாங்க. முட்டியை மடக்கி காலைத் தூக்காத, இடுப்புல இருந்து நீட்டு, விரல் தரையைத் தடவிக்கிட்டே போகட்டும், வெயிட் வந்து சேர்ந்தப்புறம் குதிகாலை மெதுவா இறக்கு. இன்னொண்ணும் சொன்னாங்க, காலைச் சேர்க்கிறதுன்னா பக்கத்துல கொண்டுவந்து ஒட்ட வைக்கிறது இல்ல, வெயிட் அதுக்கு மாறியாகணும், மாறலேன்னா அடுத்த ஸ்டெப்புக்குத் தப்பான கால்தான் ரெடியா இருக்கும்னு. பக்கத்துல ஒரு அடி, சேர்த்து, மறுபடி பக்கத்துல ஒரு அடின்னு வைக்கிற சாசேல எல்லாரும் முட்டியோட முட்டி இடிச்சுக்கிட்டு நிக்கிறதுக்குக் காரணமே இதுதான். ரெண்டே நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்தை கிளாஸ்ல ஒதுக்க முடியாதா?

கேட்டா டீச்சர் ரெடிமேடா ஒரு பதில் வச்சிருக்காரு, "ஆண் சரியா லீட் பண்ணா நீங்க தானா வந்துடுவீங்க." எந்த ஆண்? இங்க இருக்கிறவங்க அத்தனை பேரும் குனிஞ்சு தன் காலையே பார்த்துக்கிட்டிருக்காங்க. நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்ட்னர் மாத்தணும் வேற, ஒருத்தர் ஸ்லோவையும் குவிக் ஆக்கி ஓடுறாரு, இன்னொருத்தர் காதுல தப்புத் தப்பா எண்ணுறாரு, மூணாவது ஆளு என் கையைத் துணி பிழியிற மாதிரி பிழியிறாரு. ஆம்பளையோட வலது கை எங்க இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழ இருக்கணும், அங்க இருந்துதான் திருப்பம் எங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் இடுப்புல வச்சிருக்காங்க. யாரும் திருத்தல.

எங்க வீட்டுக்காரர்கிட்ட "ஏங்க, அது ஸ்லோங்க, கொஞ்சம் பொறுங்க"ன்னா, "நான் பொறுமையாத்தான் இருக்கேன், நீதான்மா ஓடுற"ங்கிறாரு. நான் பின்னாடி போறேன் சாமி, தள்ளுறது நீங்க!

ஹால் முழுக்க எல்லாரும் இடஞ்சுழியா சுத்துறாங்க, பெரும்பாலும் போற பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு போறது நாங்கதான். அதனால முன்னாடி போற ஜோடி திடீர்னு நின்னுட்டா இடி வாங்குறது யாரு முதுகு? ஆனா இடிச்சதும் "சாரி மேட்"னு ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறாங்க. அடிபட்டது எனக்கு.

சரி, வீட்ல யூடியூப் பார்த்துக் கத்துக்கலாம்னா அங்கேயும் இதே கதை. வீடியோல ஆடுற அம்மா தரை வரைக்கும் கவுன் போட்டிருக்கு, கால் எங்க போகுதுன்னே தெரியல, கேமரா ஃபுல்லா கூட ஆடுற ஆளோட ஷூவுலதான்.

அடுத்த வாரம் டீச்சர் சாசேல இன்னொரு வகையான டிப்பிள் சாசே ஆரம்பிக்கப் போறாராம். பின்னாடி போற லாக் ஸ்டெப்பே இன்னும் பாதிப் பேருக்கு வரல. நானும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம், சுவரோரம் நிக்கிறதா இல்ல, நேரா நடுவுல போய் நின்னுக்கிட்டு "முதல்ல எங்க ஸ்டெப், அப்புறம் அவங்களோடது"ன்னு கேக்கப் போறோம். முடியாதுன்னா அந்த பத்து பவுண்டைத் திருப்பிக் குடுக்கட்டும். இதுக்கு நடுவுல லேடீஸ் ஸ்டெப்பை மட்டும், முட்டிக்கு மேல டிரெஸ் போட்டு, பின்னாடி இருந்து எடுத்த வீடியோ யாருக்காவது தெரிஞ்சா அனுப்புங்க, புண்ணியமாப் போகும்.