நோக்கம் கர்த்தருடையது, அறிவிப்பு மட்டும் உங்களுடையதா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோவுக்கு ஆளாளுக்கு ஆமென் போட்டுப் பகிர்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளையை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, மேடையில் இருந்த ஊழியர், "சகோதரி, உங்கள் காலம் மாறுகிறது, கர்த்தர் ஒரு நோக்கத்தோடுதான் எடுத்துக்கொண்டார், அடுத்த வருஷம் இதே மேடையில் கைக்குழந்தையோடு சாட்சி சொல்வீர்கள்" என்கிறார். அதற்குக் கைத்தட்டல் வேறு. தட்டியவர்களில் ஒருவராவது அவள் முகத்தைப் பார்த்தீர்களா?

கர்த்தருக்கு ஒரு நோக்கம் உண்டு என்று நானும் நம்புகிறேன். என் காலங்கள் அவர் கரத்தில் இருக்கின்றன என்றும் நம்புகிறேன். அந்த நோக்கம் இன்னதுதான், இன்ன தேதிக்குள் நிறைவேறும் என்று அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் அறிக்கை வாசிக்கும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது என்பதுதான் என் கேள்வி.

உடனே, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலமுண்டு என்கிற பைபிளின் பிரசங்கி 3-ஐ எடுத்துக்கொண்டு வருவீர்கள். சரி, வாருங்கள். அவர் சகலத்தையும் அதினதின் காலத்திலே நேர்த்தியாகச் செய்திருக்கிறார் என்ற பாதியைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதே 11-ஆம் வசனத்தின் கடைசி என்ன? தேவன் ஆதிமுதல் அந்தம்மட்டும் செய்துவரும் கிரியையை மனுஷன் கண்டுபிடியான். கண்டுபிடியான்! அதை எழுதியதாகச் சொல்லப்படும் சாலொமோன் ராஜாவின் ஞானத்துக்கு எட்டாதது மைக்கைப் பிடித்த இரண்டாவது நிமிடத்தில் இவருக்கு எட்டிவிடுகிறது. அந்த அதிகாரத்துப் பட்டியலில் மவுனமாயிருக்க ஒரு காலமுண்டு என்றும் இருக்கிறது. அதை யாரும் வாக்குத்தத்தமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எரேமியா 29:11-உம் இப்படித்தான். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று உருகுகிறோம். யாருக்கு எழுதப்பட்டது அது? கி.மு. 597-இல் யூதாவின் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. அதற்கு முந்தின வசனமே, எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் திரும்பி வருவீர்கள் என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் திரும்பிப் போகவே இல்லை, அங்கேயே வீடு கட்டி, தோட்டம் போட்டு, அங்கேயே செத்தார்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் முழங்கியவர் ஒருவர் 28-ஆம் அதிகாரத்தில் இருக்கிறார். அனனியா. அவரைக் கர்த்தர் அனுப்பவில்லை என்று எரேமியா நேருக்கு நேராகச் சொன்னார். அன்றைக்கும் ஜனங்களுக்கு அனனியாவைத்தான் பிடித்திருக்கும், சந்தேகமே இல்லை.

"எலிசா தீர்க்கதரிசி பிள்ளையில்லாத சூனேமியாளிடம், அடுத்த வருஷம் பிள்ளை இருக்கும் என்று அப்படித்தானே சொன்னார்?" என்று நேற்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி, ஆனால் 2 இராஜாக்கள் 4-ஐப் பாதியில் மூடி வைத்துவிட்டுக் கேட்ட கேள்வி. எலிசா சொன்னபடி பிள்ளை பிறந்தான், அப்புறம் அவள் மடியிலேயே செத்தும் போனான். எலிசாவைத் தேடிப் போகும் வழியில் அவருடைய வேலைக்காரன் கேயாசி வந்து விசாரித்தபோது "சுகந்தான்" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறாள். எலிசாவின் காலைப் பிடித்ததும்தான் உடைகிறாள். கேயாசி அவளை விலக்கிவிடப் பார்க்கிறான். அப்போது எலிசா சொல்வதைப் படியுங்கள்: அவளை விடு, அவள் ஆத்துமா துக்கமாயிருக்கிறது, கர்த்தர் இதை எனக்கு அறிவிக்காமல் மறைத்துவிட்டார். பிள்ளையை உயிரோடு எழுப்பிய தீர்க்கதரிசியே எனக்குத் தெரியவில்லை என்கிறார். நம் ஆட்களுக்கு மட்டும் எல்லாமே தெரிந்திருக்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். என் தம்பி படிப்பை முடித்த வருஷம் விபத்தில் போனான். அடக்கத்துக்கு வந்த ஒரு ஊழியர் ஏசாயா 57:1-ஐ வாசித்தார், தீங்கு வருமுன்னே நீதிமான் எடுத்துக்கொள்ளப்படுகிறான் என்று. அதோடு உட்கார்ந்திருக்கலாம். "இந்த மகன் வழி தவறிப்போகாதபடி கர்த்தர் முந்திக்கொண்டார்" என்று சொந்தமாக ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போனார். அவருக்கு அது அன்றைக்கு மத்தியானமே மறந்திருக்கும். அம்மாவுக்கு மறக்கவில்லை. "அவன் என்ன தப்பு செய்யப் போனான் என்று கர்த்தர் பார்த்தார்?" என்று வருஷக்கணக்கில் கேட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்பார். சிகரெட் குடித்தானா, யாரையாவது காதலித்தானா என்று அவனுடைய சிநேகிதர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். பிள்ளை செத்த துக்கத்தோடு பிள்ளைமேல் சந்தேகத்தையும் அம்மாவின் தலையில் ஏற்றிவைத்துவிட்டுப் போனார் அந்த மனிதர், ஆறுதல் என்ற பெயரில்.

"அப்படியானால் ஊக்கப்படுத்தவே கூடாதா?" செய்யுங்களேன், யார் வேண்டாம் என்றது? பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் கண்டுபிடிக்க ஆரம்பித்த பிறகுதான் கதை மாறியது. கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது யார்மேல், யோபுமேலா? கர்த்தருக்காகப் பரிந்து பேசிய அந்த மூன்று பேர்மேல்.

1 தெசலோனிக்கேயர் 4:13-ஐ கமெண்டில் போடத் தயாராக இருப்பவர்களுக்கு: நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்காதீர்கள் என்றுதான் இருக்கிறது, துக்கிக்கவே கூடாது என்று இல்லை. செத்துப்போன லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே வந்த இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28-க்கும் இதே பதில்தான். இரண்டு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள், ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சோடு வேண்டுதல் செய்கிறார். அவரே பெருமூச்சு விடுகிற இடத்தில் உங்களுக்கு மைக் எதற்கு?

"அவர் நல்ல மனசோடுதானே சொன்னார்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கலாம். எல்லாரும் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். நம்மிடம் சாட்சி சொல்ல யாருக்கு இடம் கிடைக்கிறது? வேலை கிடைத்தவருக்கு, வியாதி நீங்கினவருக்கு, விசா வந்தவருக்கு. காலம் மாறியவர்களுக்கு மட்டும். மாறாமலே இருப்பவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். 88-ஆம் சங்கீதத்தை எழுதிய ஏமான் இன்று வந்தால், அது இருளிலேயே முடிகிறது பிரதர், கடைசியில் ஒரு நல்ல வார்த்தை சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்போம்.

என் அம்மா இன்றைக்கும் விடியற்காலையில் முழங்காலில் நிற்கிறார். தம்பி ஏன் போனான் என்பதற்குப் பதில் வரவில்லை, இனிமேல் வரும் என்றும் அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஜெபிக்கிறார். இது விசுவாசக் கணக்கில் வருமா வராதா? வரும் என்றால் அடுத்த சாட்சி நேரத்தில் அவரைக் கூப்பிடுங்கள். நோக்கம் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார், அதிக நேரம் எடுக்க மாட்டார். கூப்பிட மாட்டீர்கள், தெரியும்.