டர்போ காருக்கு இன்டேக் மாத்தலாமா? தண்ணி டியூப் வெச்சு அளந்து பார்த்துட்டு சொல்றேன்

வாரத்துக்கு ரெண்டு பேராவது இன்பாக்ஸ்ல வந்துடுறாங்க. "ப்ரோ, டர்போ ஸ்போர்ட்ஸ் கார் எடுத்திருக்கேன், மொதல்ல இன்டேக் மாத்தலாம்னு இருக்கேன், எவ்ளோ எச்பி ஏறும்?" இன்டேக்னா இன்ஜினுக்குக் காத்து போற ஃபில்டர், பாக்ஸ், பைப் எல்லாம் சேர்ந்தது; எச்பின்னா குதிரைசக்தி, இன்ஜினோட பவர். தனித்தனியா டைப் பண்ணி கை ஓய்ஞ்சு போச்சு, அதனால மொத்தமா இங்கயே கொட்டிடுறேன். நீளமா போகும். பொறுமை இல்லாதவங்களுக்கு சுருக்கமா சொல்லணும்னா, ட்யூன் பண்ணாத, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரோட செட்டிங்கை மாத்தாத டர்போ கார்ல இன்டேக் போட்டா உங்களுக்குக் கிடைக்கப் போறது சத்தம்தான். சத்தம் வேணும்னா தாராளமா போடுங்க, நானே போட்டிருக்கேன். ஆனா பவர் ஏறும்னு சொல்லி வீட்ல காசு கேக்காதீங்க, மாட்டிக்குவீங்க.

இந்த நம்பிக்கை எங்க இருந்து வந்துச்சுன்னா, டர்போ இல்லாத இன்ஜின்ல இருந்து. அதுல காத்தை உள்ள தள்ளறதுக்கு வெளில இருக்கற காத்தழுத்தத்தை விட்டா வேற நாதியே இல்ல, வழியில எது அடைச்சாலும் அவ்வளவும் நேரா நஷ்டம். டர்போ கதை வேற. அங்க எக்ஸாஸ்ட் புகை டர்பைன்ங்கற சக்கரத்தைச் சுத்துது, அதோட சேர்ந்து சுத்துற கம்ப்ரஸர் காத்தை உறிஞ்சி அழுத்தி அனுப்புது, எவ்வளவு பூஸ்ட் (கூடுதல் அழுத்தம்) வேணும்னு ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், ஒரு டார்கெட் வெச்சிருக்கு, அந்த டார்கெட் வந்ததும் வேஸ்ட்கேட்ங்கற வால்வைத் திறந்து மிச்ச எக்ஸாஸ்ட்டை டர்பைனைத் தொடாம வெளிய விட்டுடும். தொட்டியில இந்தக் கோடு வரைக்கும் தண்ணி இருக்கணும்னு ஒரு ஆளை நிறுத்தி வெச்சீங்கன்னா, குழாய் பெருசா இருந்தாலும் சின்னதா இருந்தாலும் அவன் கோடு வரைக்கும்தான் நிரப்புவான். குழாய் பெருசுன்னா அவனுக்கு வேலை கொஞ்சம் கம்மி, அவ்ளோதான். கோட்டை மேல ஏத்தி வரையறது ட்யூனோட வேலை, இன்டேக்கோட வேலை இல்ல.

சரி, அந்த "வேலை கம்மி" எவ்வளவுன்னு பாத்துடுவோம். வெளிக்காத்து 101 கிலோபாஸ்கல்னு வெச்சுக்கோங்க, ஃபில்டர், பாக்ஸ், பைப் எல்லாம் தாண்டி டர்போ வாய்க்கு வரும்போது 3 கிலோபாஸ்கல் போயிடுச்சு, மிச்சம் 98. பூஸ்ட் 1 பார், அதாவது கம்ப்ரஸர் வெளிய தள்ள வேண்டியது மொத்தம் 201. 98-ஐ 201 ஆக்கணும்னா 2.05 மடங்கு. நல்ல இன்டேக் போட்டு அந்த 3-ஐ 1 ஆக்கிட்டீங்க, இப்போ 100-ஐ 201 ஆக்கணும், 2.01 மடங்கு. இதுல கம்ப்ரஸர்ல இருந்து வர்ற காத்தோட சூடு என்னோட கணக்குப்படி ஒரு 3 டிகிரி குறையும், 120 சொச்சம் டிகிரில வர்ற காத்துல 3 டிகிரி. அதுக்கு அப்புறம் அந்தக் காத்தை ஆற வெக்கற இன்டர்கூலர் இருக்கு, அது அந்த 3-லயும் பெரும்பகுதியை முழுங்கிட்டு ஒரு டிகிரி கூட மிச்சம் வெக்காது. இதுக்குத்தான் இவ்ளோ பெரிய அலுமினியப் பைப்பு.

இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நான் வாங்கலையான்னா, இல்ல, வாங்கினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். என்னோடது 2 லிட்டர் டர்போ. கோன் ஃபில்டர், பளபளன்னு பெரிய பைப், ஒரு ஹீட் ஷீல்டு, எல்லாம் சேர்ந்த கிட். போட்ட அன்னிக்கு ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஸ்ஸ்ஸுன்னு காத்து இழுக்கற சத்தம், காலை எடுத்தா ப்ஷ்ஷ்ஷு. கார் பறக்குற மாதிரியே இருந்துச்சு, சத்தியமா சொல்றேன், 20 எச்பி ஏறிடுச்சுன்னு நண்பர்கள்கிட்ட அடிச்சு விட்டேன். காது சொன்னதை முதுகு நம்பிடுச்சு.

அப்புறம் டைனோல, அதாவது காரோட பவரை அளக்கற மெஷின்ல ஏத்தினோம். பழைய பாக்ஸோட முன்னாடியே மூணு ரன் எடுத்து வெச்சிருந்தேன்: 241, 238, 235. ஒவ்வொரு ரன்னுக்கும் இன்டர்கூலர் சூடாகி சூடாகி இறங்கிட்டே வந்துச்சு. இன்டேக் போட்டு மூணு ரன்: 240, 239, 236. இதை வெச்சு என்ன சொல்றது? ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரே கார் ஒரே மணி நேரத்துல 6 எச்பி ஆடுது, அதுக்குள்ள இன்டேக்கோட 2 எச்பியை எங்க போய் தேடறது. இதனாலதான் விளம்பரத்துல வர்ற டைனோ கிராஃப் எதைப் பாத்தாலும் எனக்கு ஒரு கண்ணு சந்தேகம். முதல் கோடு சூடான இன்ஜின்ல, ரெண்டாவது கோடு பானட்டைத் திறந்து வெச்சு ஃபேன் போட்டு நல்லா ஆற விட்டதுக்கு அப்புறம்னா, இன்டேக்கே மாத்தாம 8 எச்பி "ஏத்தலாம்".

டைனோ பதில் சொல்லலன்னதும் எனக்கு வெறி புடிச்சிடுச்சு. ஒரு நீளப் பலகைல தெளிவான பிளாஸ்டிக் டியூபை யூ மாதிரி வளைச்சு ஒட்டி, பாதி வரைக்கும் கலர் தண்ணி ஊத்தி, ஒரு முனையை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல பைப்ல செருகி, இன்னொரு முனையைத் திறந்து விட்டுட்டேன். பலகையை ஒரு நண்பன் பக்கத்து சீட்ல மடியில கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்தான். ரெண்டு பக்கத் தண்ணிக்கும் எவ்வளவு உயர வித்தியாசமோ அதுதான் ஃபில்டர் தின்ன அழுத்தம், 10 சென்டிமீட்டர்னா சுமாரா 1 கிலோபாஸ்கல். ரேஸ் டிராக்ல, நேர் ரோட்ல, மூணாவது கியர்ல ஃபுல்லா மிதிச்சேன், இவன் "ஏறுது ஏறுது ஏறுது"ன்னு கத்துறான். டியூப் உயரம் பத்தாம போச்சுன்னா அந்தத் தண்ணி நேரா இன்ஜினுக்குள்ள போயிடும், அதனால டியூப் நல்லா உயரமா இருக்கணும், யாராவது செஞ்சு பாக்கறதா இருந்தா இதை மறந்துடாதீங்க.

ஸ்டாக் பாக்ஸ் (கார் கம்பெனி கொடுத்தது), அதுல ரொம்ப நாளா மாத்தாம கெடந்த அழுக்கு ஃபில்டர்: 31 சென்டிமீட்டர். அதே பாக்ஸ், புது ஸ்டாக் பேப்பர் ஃபில்டர்: 24. பளபள இன்டேக்: 14. அதாவது மொத்த வித்தியாசமே 17 சென்டிமீட்டர், அதுல 7 சாதாரண ஃபில்டரை மாத்தினதுலயே வந்துடுச்சு. மிச்சம் 10 சென்டிமீட்டருக்கு, அதாவது வெறும் 1 கிலோபாஸ்கலுக்கு, நான் கொடுத்த காசை இங்க எழுத மாட்டேன், வீட்ல இந்தப் பதிவைப் படிப்பாங்க.

இத்தனைக்கும் கதை அதோட முடியல. போட்ட மூணாவது நாள் செக் இன்ஜின் லைட். எரர் கோடு பி0171, கலவை லீனா, அதாவது காத்துக்கு பெட்ரோல் கம்மியா இருக்குன்னு அர்த்தம். என் கார்ல மேஃப் சென்சார், அதாவது பைப் நடுவுல சூடான ஒரு சின்னக் கம்பி, அதைக் காத்து எவ்வளவு ஆற வெக்குதுன்னு பாத்து எவ்வளவு காத்து வருதுன்னு ஈசியூ கணக்கு போடும். இந்தக் கணக்கு ஸ்டாக் பைப்போட விட்டத்துக்குப் போட்டது. கிட்ல வந்த பைப் அகலம் கூட, அகலத்துல அதே காத்து மெதுவா போகும், கம்பிக்கு காத்து கம்மியா தெரியும், ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். அது மட்டுமா, இன்ஜின் மேல லோடு கம்மின்னு நினைச்சு இக்னிஷன் டைமிங்கையும், அதாவது ஸ்பார்க் அடிக்கற நேரத்தையும் முன்னாடி தள்ளும். லீன் கலவை, தள்ளின டைமிங், மேல பூஸ்ட், நாக்கிங்குக்கு, அதாவது கலவை இன்ஜினுக்குள்ள தாறுமாறா வெடிக்கறதுக்கு, வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிறதுன்னா இதுதான். இதுல வேடிக்கை என்னன்னா, இந்த ஆபத்தான நிலைமைல கார் சில சமயம் நெஜமாவே கொஞ்சம் சுறுசுறுப்பா ஓடும், அதை இன்டேக் கொடுத்த பவர்னு கொண்டாடுறவங்க இருக்காங்க. சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வெச்சிருக்கறவங்க, இன்டேக் மாத்தினா ட்யூன் பண்ணாம காரை வெளிய எடுக்காதேன்னு தலை தலையா அடிச்சுக்கறது இதனாலதான். மேனிஃபோல்ட் பிரஷரை, அதாவது இன்ஜின் வாசல்ல இருக்கற காத்தழுத்தத்தை வெச்சுக் கணக்குப் போடுற கார்கள்ல இந்தத் தொல்லை அவ்வளவா இல்ல. உங்க கார் எந்த வகைன்னு வாங்கறதுக்கு முன்னாடி பாத்துடுங்க.

இந்த இடத்துல ஒருத்தர் கண்டிப்பா வருவார். "அப்போ ரேலி கார்ல ஏன் காத்து வர்ற வழியைச் சுருக்கி பவரைக் கட்டுப்படுத்துறாங்க?" நல்ல கேள்வி. உலக ரேலில டர்போவுக்கு முன்னாடி ரெஸ்ட்ரிக்டர்னு 34 மில்லிமீட்டர் ஓட்டை ஒண்ணு வெச்சாங்க, மொத்தக் காத்தும் அது வழியாத்தான் போகணும், அந்த ஓட்டைல காத்து ஒலி வேகத்தைத் தொட்டதும் அதுக்கு மேல நீங்க என்ன உறிஞ்சினாலும் ஒரு சொட்டு கூட வராது. 1995 கட்டலூன்யா ரேலில டொயோட்டா டீம் அதுக்கே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஹோஸை மாட்டி இறுக்கினா ரெஸ்ட்ரிக்டரைச் சுத்தி காத்து போக சந்து திறக்கும், சோதனைக்காகக் கழட்டினா ஸ்பிரிங் தள்ளி தானா மூடிக்கும், அளந்து பாத்தா எல்லாம் சரியா இருக்கும். குட்டு வெளிப்பட்டதும் புள்ளிகள் போச்சு, ஒரு வருஷம் தடை. தடை போட்ட எஃப்ஐஏ, அதாவது உலக கார் பந்தய அமைப்போட அப்போதைய தலைவர் மேக்ஸ் மோஸ்லியே அந்த வேலைப்பாட்டைப் பாத்து அசந்து போனார். இன்னிக்கும் அந்த டொயோட்டா ரேலி காரான செலிகா ஜிடி ஃபோர் படம் பாத்தா எனக்கு மொதல்ல அந்த ஹோஸ்தான் ஞாபகம் வரும்.

ஆனா அந்த 34 மில்லிமீட்டர் வேணும்னே மூச்சை நெரிக்கறதுக்கு வெச்சது. உங்க கார்ல இருக்கற பாக்ஸை அந்த இன்ஜினுக்கு எவ்வளவு காத்து வேணும்னு பாத்துதான் டிசைன் பண்ணியிருக்காங்க. 280 எச்பி இன்ஜின் ஃபுல்லா மிதிச்சா நொடிக்கு ஏறக்குறைய 200 லிட்டர் காத்து குடிக்கும், ஒரு பெரிய டிரம் நிறைய, ஒரே நொடில. அதை சமாளிச்சுட்டு 2 கிலோபாஸ்கல் சொச்சம்தான் தின்னுதுன்னா அந்தக் கருப்பு பிளாஸ்டிக் டப்பாவை நாம கேவலமா பேசக்கூடாது.

எப்போ போடலாம்னா, பெரிய டர்போ போட்டு, ட்யூன் பண்ணி, கம்ப்ரஸர் தன்னோட எல்லைல சுத்தும்போது. அப்போ வாய்ப்பக்கம் குறையற ஒவ்வொரு கிலோபாஸ்கலும் வெளிப்பக்கம் ரெண்டு மூணு மடங்கா குறையும், அப்போ இன்டேக் காசுக்கு அர்த்தம் இருக்கு. அங்கயும் ஃபில்டரை விட, டர்போ வாய்ல மாட்டுற அந்த ரப்பர் ஹோஸைத்தான் மொதல்ல பாப்பேன், மடிப்பு மடிப்பா, வளைஞ்சு நெளிஞ்சு, சில கார்ல உறிஞ்சற வேகத்துல ஒடுங்கிக்கவே செய்யும். அதுவரைக்கும் காசு இருந்தா இன்டர்கூலருக்குப் போடுங்க, டயருக்குப் போடுங்க, பிரேக் பேடுக்குப் போடுங்க.

தூசி விஷயமும் இருக்கு. கம்ப்ரஸர் வீல் நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுத்துக்கு மேல சுத்துற சமாச்சாரம், அதோட விளிம்புல பொடி மண்ணு பட்டுக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. ஃபில்டர் எவ்வளவு தூசியைப் புடிக்குதுன்னு பாக்கற ஐஎஸ்ஓ 5011 டெஸ்ட் ரிசல்ட் காட்டாம "ஃப்ளோ ஜாஸ்தி"ன்னு மட்டும் சொல்ற ஃபில்டரை நான் தொட மாட்டேன். ஓட்டை பெருசானா காத்தும் வரும், மண்ணும் வரும். ஃபில்டரைக் கீழ பம்பர்கிட்ட தொங்க விடுற கிட்டும் வேண்டாம், தேங்கின தண்ணில ஒரு தடவை இறங்கினா இன்ஜினுக்குள்ள தண்ணி, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும்.

கடைசியா சத்தம். டர்பைன் எக்ஸாஸ்ட் சத்தத்தை பாதி தின்னுடுது, அதுனால டர்போ கார் இயல்பாவே ஊமை. கம்பெனிகளுக்கே இது தெரியும். கோல்ஃப் ஜிடிஐ சிலதுல சவுண்டாக்டர்னு ஒரு சாதனம் முன் கண்ணாடிக்குக் கீழ அதிர்ந்து சத்தம் கொடுக்குது, பிஎம்டபிள்யூ எஃப்10 எம்5-ல ஸ்பீக்கர் வழியாவே இன்ஜின் சத்தம் விட்டாங்க. அதோட ஒப்பிட்டா, நெஜ டர்போ விசிலைக் கேக்கணும்னு ஆசைப்படறது ஒண்ணும் பாவம் இல்ல.

நான் என்ன பண்ணேன்னா, லைட் எரிஞ்சதும் கடுப்புல ஸ்டாக் பாக்ஸையே திரும்ப மாட்டி ரெண்டு மாசம் ஓட்டினேன். கார் அதே வேகம். ஆனா வண்டியே செத்துப் போன மாதிரி இருந்துச்சு. அப்புறம் ட்யூனர்கிட்ட போய் புதுப் பைப்புக்கு மேஃப் கணக்கைத் திருத்தி எழுதிட்டு இன்டேக்கை மறுபடி மாட்டிட்டேன். பலகை புடிச்ச நண்பன் அன்னிக்கு பக்கத்து சீட்ல உக்காந்து, "இப்போ எவ்ளோ எச்பி?"ன்னு கேட்டான். அதே 240தான்டா, ஜன்னலை இறக்குன்னு சொன்னேன்.