வாயுள்ள பிள்ளையை மலைக்கு அனுப்புங்கள்

கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே சேலத்துச் சபைகளில் கோடை முகாம் விண்ணப்பங்கள் வந்து இறங்கிவிடுகின்றன. ஏற்காட்டில் தங்கல், சாப்பாடு, பாட்டு, வேதபாடம், விளையாட்டு. விண்ணப்பத்தின் பின்பக்கம் கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல்: வேதாகமம், நோட்டு, பேனா, ஸ்வெட்டர், டார்ச், பக்கெட், மக், பூட்டு, சாவி. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சின்னக்கடை வீதியில் கடை கடையாக ஏறி இறங்கும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பெட்டி ஆயத்தமாகிவிட்டது, சரி. பிள்ளையின் வாயை யார் ஆயத்தப்படுத்துவது?

ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறவள் நான். முகாம்களில் பிள்ளைகளோடு தங்கி வேலையும் செய்திருக்கிறேன். முகாமே வேண்டாம் என்கிற கட்சி அல்ல. என் மகளையும் இந்த ஆண்டு அனுப்பத்தான் போகிறேன்.

பிள்ளைகளை மலையேற்றி விட்டுவிட்டு வருவது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. ஏற்காட்டில் சேக்ரட் ஹார்ட் பள்ளி 1894-லும் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-லும் தொடங்கின. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏதாவது ஒரு வீட்டுப் பிள்ளை அங்கே விடுதியில் படித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் விடுதிப் பிள்ளைக்குப் பழகிக்கொள்ள மாதக்கணக்கில் நேரம் உண்டு. முகாமுக்குப் போகிற பிள்ளைக்கு அது கிடையாது. யாரிடம் எதைச் சொல்லலாம் என்று அது கண்டுபிடிப்பதற்குள் திரும்பி வருவதற்கான பஸ் வாசலில் வந்து நின்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில், ஒன்பது வயதுப் பையன் ஒருவன் காலை உணவுக்கு வராமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தான். கட்டிலுக்கு அடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை, இறுக்கி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. உள்ளே நனைந்த படுக்கை விரிப்பும் ஓர் அரைக்கால் சட்டையும். இரண்டு நாளாக அதற்குள்ளேயே கிடந்து நாறிக்கொண்டிருந்தன. கழிப்பறை வராந்தாவின் கடைசியில் இருந்தது. விளக்கு இல்லை. டார்ச் பெட்டிக்குள் இருந்தது, பெட்டி பூட்டியிருந்தது, சாவியை எங்கே வைத்தோம் என்பது இருட்டில் அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த முகாம் அண்ணனை எழுப்பலாமா கூடாதா என்று யோசித்து யோசித்தே விடிந்திருக்கிறது. முந்தின மாலைதான் அவன் சங்கீதம் 91-ஐ ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்கியிருந்தான். இரவின் பயங்கரத்துக்கு அஞ்ச வேண்டாம் என்று சொல்கிற அதே சங்கீதம். ‘அண்ணா, பாத்ரூம் போக வேண்டும், கொஞ்சம் கூட வாருங்கள்’ என்கிற ஒரு வரிதான் அவனிடம் இல்லை.

அவனுடைய அம்மாவை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு துணியிலும் அவன் பெயரின் முதல் எழுத்தைச் சிவப்பு நூலால் தைத்து அனுப்பியிருந்தார். அவ்வளவு கவனம். ஆனால் நாம் பிள்ளைகளை வளர்க்கிற விதம் இருக்கிறதே! பெரியவர்கள் பேசும்போது வாயை மூடு, போகிற இடத்தில் அதைக் கேட்காதே இதைக் கேட்காதே, கொடுத்ததைச் சாப்பிடு, மானத்தை வாங்காதே. வருடம் முழுவதும் இப்படிச் சொல்லிவிட்டு, மலைக்கு அனுப்பும் அன்று மட்டும் ‘ஏதாவது என்றால் அக்காவிடம் சொல்’ என்றால் அது எப்படிச் சொல்லும்?

அதனால் எங்கள் வீட்டில் சில வாரங்களாகச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுப் பயிற்சி நடக்கிறது. நான் முகாம் அக்கா. என் மகள் வந்து சொல்ல வேண்டும். வயிறு வலிக்கிறது. இந்தக் கட்டிலில் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த விளையாட்டுக்கு நான் வரவில்லை. என் பெயரை மாற்றிக் கூப்பிட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள், நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் அவள் சிரித்தாள், பிறகு வெட்கப்பட்டாள். இப்போது, நான் வேண்டுமென்றே ‘அப்புறம் பார்க்கலாம், போய் விளையாடு’ என்று தட்டிக்கழித்தால், ‘அப்புறம் இல்லை அக்கா, இப்போது’ என்கிறாள். அவளுடைய பாட்டிக்கு இது பிடிக்கவில்லை, பெண்பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்கிறார். ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே அம்மா என்று கேட்டேன். பதில் இல்லை.

மலைப்பாதைக்கும் இது பொருந்தும். அடிவாரத்திலிருந்து மேலே போய்ச் சேர்வதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள். வெறும் வயிற்றிலும் அனுப்ப வேண்டாம், பூரியும் கிழங்கும் கொடுத்தும் அனுப்ப வேண்டாம், இரண்டு இட்லி போதும். முன்பக்கம் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு போனால் பாதித் தொல்லை குறையும். ‘வாந்தி வருகிறது, வண்டியை நிறுத்துங்கள்’ என்று சொல்லத் தெரிந்தால் மீதிப் பாதியும். இங்கே 40 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது ஸ்வெட்டர் எதற்கு என்று தோன்றும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடை மழை ஒன்று இறங்கி மூடுபனி சூழ்ந்துவிட்டால் மே மாத இரவிலும் போர்வை தேடும் ஊர் அது. அந்தி சாய்ந்தபின் காபித் தோட்டத்துப் பக்கம் தனியாகப் போகக்கூடாது, காட்டெருமை நடமாட்டம் உண்டு. இதையெல்லாம் கதைபோலச் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள்.

இனி, நாம் வாய்விட்டுப் பேசக் கூசுகிற விஷயம். ஜெபத்தோடு நடக்கிற இடம், ஊழியக்காரர்கள் இருக்கிற இடம், அங்கே என்ன தப்பு நடந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் சாமுவேலின் புத்தகத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அன்னாள் தன் மகன் சாமுவேலைச் சீலோவில், ஆண்டவருடைய ஆலயத்திலேயே விட்டாள். அங்கே ஆசாரியனாக இருந்த ஏலியின் பிள்ளைகள் ஓப்னியும் பினெகாசும் அக்கிரமம் செய்துகொண்டிருந்ததும் அதே ஆலயத்தில்தான். வேதாகமமே இதை மூடி மறைக்கவில்லை, நாம் ஏன் மறைக்கிறோம்? உடம்பில் யார் எங்கே தொடக்கூடாது என்பதையும், ‘இது நமக்குள் ரகசியம்’ என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அன்றைக்கே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பதையும் பிள்ளையிடம் பெயர் சொல்லிப் பேசுங்கள். ‘போதகராக இருந்தாலுமா?’ என்று என் மகள் கேட்டாள். போதகராக இருந்தாலும்தான். குழந்தைகள் உதவிக்கான 1098 என்ற எண் அவளுக்குப் பாடம். நடத்துகிறவர்களுக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரிந்தும் காவல்துறையிடம் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். ‘சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்’ என்கிற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

கடைசி நாள் இரவுக் கூட்டத்துக்கு வருகிறேன். முகாமுக்குப் போனவர்களுக்கு அது தெரியும். நெருப்பு மூட்டியாகிவிட்டது, மெதுவான பாட்டு, பிள்ளைகள் களைத்துப்போய் வீட்டு நினைவில் இருக்கிற நேரம். பேச்சாளர் குரலைத் தாழ்த்தி, ‘இன்று இரவே மரித்தால் நீ எங்கே போவாய்?’ என்று கேட்பார். ஒருத்தி அழுவாள், அவளைப் பார்த்து அடுத்தவள் அழுவாள். இயேசுவை ஏற்றுக்கொள்கிறோம் என்று கைகள் எழும். எழுந்த கைகளை எண்ணி அறிக்கையில் எழுதுவார்கள். எல்லா முகாமும் இப்படி என்று சொல்ல மாட்டேன், நல்ல பேச்சாளர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தூங்கப் போகும் நேரத்தில் நரகத்தைக் காட்டிக் கையைத் தூக்கவைப்பது ஊழியம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

‘அம்மா, கை தூக்காவிட்டால் இயேசப்பா கோபித்துக்கொள்வாரா?’

‘மாட்டார். உனக்குத் தோன்றினால் தூக்கு. பக்கத்தில் இருக்கிறவள் தூக்குகிறாள் என்பதற்காகத் தூக்காதே. யோசிக்க வேண்டும் என்று சொன்னால் போதும்.’

இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளையின் விசுவாசம் குளிர்ந்துபோகும் என்று ஓர் அண்ணன் என்னிடம் வாதாடினார். அதே சாமுவேலையே எடுத்துக்கொள்வோம் அண்ணா. இரவில் கூப்பிடும் குரல் கேட்டு ஓடிவந்த சிறுவனை ஏலி இரண்டு முறை, நான் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள் என்று திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறைதான் கூப்பிடுகிறவர் ஆண்டவர் என்று அவருக்கே விளங்கியது. அப்போதும் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துத் திரும்பவும் படுக்கத்தான் அனுப்பினார். கண் மங்கிய அந்தக் கிழவருக்கு அவசரம் இல்லை. நமக்கு ஏன் இத்தனை அவசரம்? சிறுவர் ஊழியத்தில் எல்லோரும் மரியாதையோடு நினைக்கிற ஜோசையா ஸ்பையர்ஸ் 1868-ல் வேல்ஸ் நாட்டு லாண்டுட்னோ கடற்கரையில் செய்தது, ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்று மணலில் எழுதிவிட்டுப் பிள்ளைகளைக் கூழாங்கல் பொறுக்கி வந்து அதை அலங்கரிக்கச் சொன்னதுதான். அவர் எழுத எடுத்துக்கொண்ட வார்த்தையையும் கவனியுங்கள்.

எதிர்வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து அனுப்ப ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வீட்டார் கோவிலுக்குப் போகிறவர்கள் என்றால், ‘சும்மா கோடை முகாம்தான் அக்கா, விளையாட்டும் கைவேலையும்’ என்று பூசி மெழுக வேண்டாம். ஜெபம் உண்டு, வேதபாடம் உண்டு, முடிவில் அழைப்பும் உண்டு என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். சம்மதித்தால் சந்தோஷம். இல்லையென்றால் அவர்களுடைய பிள்ளை, அவர்களுடைய விருப்பம்.

போன் பற்றி. முகாமில் போனை வாங்கி வைத்துவிடுவதை நான் ஆதரிக்கிறேன். நாள் முழுவதும் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தால் வீட்டு ஏக்கம் கூடத்தான் செய்யும். ஆனால் பிள்ளை கேட்டால் முகாம் போனில் ஒரு முறையாவது வீட்டோடு பேசவிட வேண்டும். நாங்கள் அதற்கு ஒரு குறிப்பு வைத்திருக்கிறோம். ‘பூனைக்குப் பால் வைத்தாயா?’ என்று அவள் கேட்டால் ஏன் எதற்கு என்று கேட்காமல் நான் கிளம்ப வேண்டும். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. ஏக்கத்துக்கு இதைப் பயன்படுத்தக்கூடாது, பயத்துக்கு மட்டும் என்பது ஒப்பந்தம். இரண்டும் வேறு என்பதைப் பத்து வயதுப் பிள்ளை நன்றாகவே புரிந்துகொள்கிறது. இங்கிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான், நடுராத்திரியில்கூடப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

எங்கள் சபையில் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெற்றோர் கூட்டம். நான் கேட்கப்போகிறவை இவை. இரவில் பிள்ளைகளின் அறையில் யார் படுக்கிறார்கள்? வராந்தாவில் விளக்கு எரியுமா? கைக்கு எட்டும் தூரத்தில் மருத்துவர் யார்? முகாமில் தங்கும் பெரியவர்களை விசாரித்துச் சேர்த்தது யார்? கடைசி இரவு பேசப்போவது யார், என்ன பேசுவார்? திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்கும் வழக்கத்தை இந்த முறை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்ற முடியுமா? போதகர் ஐயாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், வரட்டும் கேட்கலாம் என்றார். பிள்ளையை அனுப்புகிறவர்கள் எல்லோரும் வாருங்கள். விண்ணப்பத்தில் என் கையெழுத்து அதற்குப் பிறகுதான்.