கூலிக்காரருக்கும் ஏடு உண்டு
முன்னோரைப் பழைய ஆவணங்களில் தேடுவது பற்றிய கட்டுரையில், ‘நிலபுலன் இல்லாத கூலிக்காரர்களைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரிகூட இருக்காது’ என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது பாதிதான் சரி. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டம் முதலான வேலைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். அத்தனை பேருக்கும் கப்பல் பட்டியல் உண்டு: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை. அந்தக் காலத்து மிராசுதாரின் உயரம் யாருக்குத் தெரியும்? எங்கள் பாட்டியின் பெரியப்பாவை நான் அதில்தான் கண்டுபிடித்தேன். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் கடித்துக் குதறி எழுதியிருந்ததால் இரண்டு முறை தாண்டிப் போய்விட்டேன். அப்புறம் ‘இடது கணுக்காலில் தழும்பு’ என்ற குறிப்பு கண்ணில் பட்டது. உழும்போது கொழு கிழித்த காயம் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், முன்னோரைத் தேட, சொத்துப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கச் சொல்கிறார். சொத்தே இல்லாதவருக்கு அதில் என்ன வரும்? ஆனால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு, ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணியோடு போனவர்கள் விஷயத்தில் கட்டுரையாளர் பக்கம்தான் நான். ஒப்பந்தமும் கிடையாது, நேட்டால் மாதிரி பட்டியலும் கிடையாது. கழுத்தில் கட்டிவிட்ட தகரத்தில் இருந்ததும் எண்கள்தான், பெயர் இல்லை.