ஜிஎச்டி7 எல்லா வயலுக்கும் பொருந்துமா?

ஜிஎச்டி7 (Ghd7) என்ற மரபணு உள்ள நெல்லை எங்கே நட்டாலும் விளைச்சல் கூடும் என்று ஒருவர் படம் போட்டு எழுதியிருக்கிறார், பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். பாதி சரி. "எங்கே நட்டாலும்" என்பதுதான் இடிக்கிறது.

இந்த மரபணுவை 2008-ல் சீனாவின் ஊகான் நகர ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். மிங்ஹுய் 63 ரகத்தில் அது இருக்கிறது, ஜென்ஷான் 97 ரகத்தில் அடியோடு இல்லை. பகல் நீண்ட பருவத்தில் அது நன்றாக வேலை செய்து, பூப்பதைத் தள்ளிப்போடுகிறது. பயிருக்கு வளரக் கூடுதல் நாள் கிடைப்பதால் உயரமும் கூடும், கதிரில் மணியும் கூடும். பகல் குறுகிய பருவத்தில் அது பூப்பதை அவ்வளவாகத் தள்ளிப்போடுவதில்லை.

அப்புறம், குளிர் சீக்கிரம் வரும் இடத்தில் இதே தாமதம் கெடுதல். தாமதமாகப் பூத்தால் மணி முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். சீனாவின் வடகோடி மாகாணமான ஹெய்லோங்ஜியாங்கில் ஜிஎச்டி7 வேலை செய்யாத ரகங்களைத்தான் பயிரிடுகிறார்கள். அந்த உழவர்களுக்கு அது இல்லாததுதான் லாபம்!

என் பேச்சை நம்ப வேண்டாம். மரபணுவின் பெயரோடு 2008, நேச்சர் ஜெனடிக்ஸ் (Nature Genetics) என்ற ஆய்விதழின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், அந்த ஆய்வாளர்களின் கட்டுரைச் சுருக்கம் இலவசமாகவே கிடைக்கும். நீண்ட பகல் என்ற நிபந்தனை அதிலேயே இருக்கிறது. பகிர்ந்த படத்தில் அந்த இரண்டு சொற்கள்தான் விடுபட்டிருக்கின்றன.